தோட்டத்திற்கு வெளிச்சம் வந்த கதை



மாலை ஆறரை மணிக்குத் தோட்டத்தின் ஒரு மூலையிலிருந்து 'டுப், டுப், டுப்' என்று ஓர் ஓசை கிளம்பும். அடுத்த சில நொடிகளில் லயத்தின் வரிசை முழுவதும் குண்டு பல்புகள் முதலில் சிவப்பாக மினுங்கி, பிறகு மஞ்சளாகி, நின்று எரியத் தொடங்கும். வாசலில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் ஒரே குரலில் கத்துவார்கள். ஜொகூரின் உட்புறத் தோட்டங்களில் பிறந்து இன்று நாற்பது வயதைத் தாண்டியவர்களில் பலருக்கு அந்த ஓசை இன்னும் காதில் இருக்கும். அதற்கு நாம் வைத்திருந்த பெயர் 'இஞ்சின் லைட்'.

இன்றைய பேச்சு அந்த இஞ்சினைப் பற்றியது. மின்சாரம் நம் நாட்டிற்கு எப்படி வந்தது, தோட்டத்திற்கு வர ஏன் அத்தனை ஆண்டுகள் ஆயின, இன்று நம் வீட்டு வாசலிலேயே ஒரு சிறிய ஜெனரேட்டரை வைத்துக்கொள்ளும் காலத்தில் அந்தப் பழைய இஞ்சின் நமக்கு என்ன கற்றுத் தருகிறது என்பதைப் பார்ப்போம்.

மலாயா தீபகற்பத்தில் மின்சாரம் பயன்படுத்தப்பட்டதாகக் கிடைக்கும் முதல் பதிவு 1894-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. இடம், சிலாங்கூரில் உள்ள ரவாங் என்ற ஈயச் சுரங்க ஊர். அங்கே ஒரு மின் ஜெனரேட்டரை நிறுவிச் சுரங்க வேலைக்குப் பயன்படுத்தியவர்கள் இருவர். ஒருவர் சீனத் தொழிலதிபர் லோக் இயூ. மற்றவர் நம்மவர், கா. தம்புசாமிப் பிள்ளை. கோலாலம்பூர் மகா மாரியம்மன் கோயிலையும் பத்துமலை முருகன் கோயிலையும் தோற்றுவித்தவர் என்று நாம் நினைவுகூரும் அதே தம்புசாமிப் பிள்ளைதான். தைப்பூசத்தன்று பத்துமலைப் படியேறும் எத்தனை பேருக்கு இந்நாட்டின் முதல் மின் விளக்கோடும் அவர் பெயர் இணைந்திருப்பது தெரியும்?

அடுத்த ஆண்டு, 1895-இல், கோலாலம்பூர் ரயில் நிலையத்திற்கு மின் வெளிச்சம் வந்தது. 1900-ஆம் ஆண்டில் பகாங் மாநிலத்து ரவுப் தங்கச் சுரங்கக் கம்பெனியார் செம்பம் ஆற்றில் நீர்மின் நிலையம் ஒன்றை அமைத்தார்கள். இந்த வரிசையைக் கவனியுங்கள். சுரங்கம், ரயில் நிலையம், பிறகு நகரம். பணமும் இயந்திரமும் எங்கே இருந்தனவோ அங்கே மின்சாரம் முதலில் போனது. ரப்பர்த் தோட்டத்தில் வேலை செய்தவர்களின் லயம் அந்த வரிசையின் கடைசியில் நின்றது.

அந்தக் காலத்து லயத்தில் இரவு எப்படி இருந்தது? மண்ணெண்ணெய்ச் சிமினி விளக்கு ஒன்று அடுப்படிக்கும் திண்ணைக்குமாக மாறிக்கொண்டே இருக்கும். விடியுமுன் பால் வெட்டப் போகிறவர்கள் நெற்றியில் கார்பைடு விளக்கைக் கட்டிக்கொண்டு போவார்கள். கலியாணம், திருவிழா என்றால் கேஸ்லைட்டைக் காற்றடித்து ஏற்றிக் கம்பத்தில் தொங்கவிடுவார்கள். நெருப்புதான் வெளிச்சம். ஆகவே வெளிச்சத்தின் ஆபத்தும் நெருப்பின் ஆபத்தாகவே இருந்தது. அது கண்ணுக்குத் தெரியும், கைக்குச் சுடும். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

நாடு முழுவதற்கும் மின்சாரம் வழங்க ஓர் அமைப்பு வேண்டும் என்று மத்திய மின்சார வாரியம் 1949 செப்டம்பர் 1-ஆம் தேதி தொடங்கப்பட்டது. அது 1965-இல் தேசிய மின்சார வாரியம் ஆயிற்று. 'லெம்பாகா லெட்ரிக் நெகாரா' என்று நம் பெற்றோர் சொல்வார்களே, அதுதான். 1990 செப்டம்பர் 1 முதல் தெனாகா நேஷனல் நிறுவனம் அந்தப் பொறுப்பை ஏற்றது. ஆனால் வாரியத்தின் கம்பிகள் பட்டணத்தையும் பெரிய சாலையையும் பின்பற்றித்தான் சென்றன. தோட்டமோ தனியார் நிலம். சாலையிலிருந்து பல மைல் உள்ளே இருக்கும். அங்கிருக்கும் சில நூறு விளக்குகளுக்காகக் கம்பம் நட்டுக் கம்பி இழுப்பது பெருஞ்செலவு. எனவே தோட்டங்கள் தங்களுக்கென்று டீசல் இஞ்சின்களை வைத்துக்கொண்டன.

அந்த இஞ்சினும் முதலில் நமக்காக வந்ததன்று. ஆலை உருளைகளைச் சுழற்றவும், துரையின் பங்களாவுக்கு விளக்கும் விசிறியும் கொடுக்கவும் வந்தது. பிறகு கிராணிமார் வீடுகளுக்கும் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கும் கம்பி போயிற்று. லயத்திற்கு அது வந்து சேர்ந்த ஆண்டு தோட்டத்திற்குத் தோட்டம் மாறுபடும்.

நம்மில் பலருடைய பாட்டன் பாட்டிமார் மின்சாரத்தை முதன்முதலில் பார்த்தது தோட்டத்து இஞ்சினில்கூட அன்று. அது சக்கரத்தின் மேல் ஏறி வந்தது. 1948 முதல் 1960 வரை நாட்டில் அவசர காலம் நடந்ததை நேயர்கள் அறிவீர்கள். ஜொகூர் அதில் மிகவும் அடிபட்ட மாநிலங்களில் ஒன்று. சிதறிக் கிடந்த லயங்களை ஒன்றாகச் சேர்த்து முள்வேலி போட்டார்கள். மக்களிடம் அரசாங்கத்தின் செய்தியைச் சேர்க்கத் தகவல் இலாகாவின் வண்டிகள் கிராமங்களுக்கும் தோட்டங்களுக்கும் போயின. அந்த வண்டியில் ஒலிபெருக்கி இருந்தது. படம் காட்டும் இயந்திரம் இருந்தது. அவற்றை இயக்க அதற்கென்றே ஒரு ஜெனரேட்டரும் இருந்தது. 1946-இல் தொடங்கப்பட்ட மலாயா திரைப்படப் பிரிவின் படங்களை அவ்வண்டிகளில் காட்டினார்கள். ஊருக்கு நடுவே எல்லோரும் கூடிக் கேட்கப் பொது வானொலிப் பெட்டிகளும் அந்நாளில் வைக்கப்பட்டன.

என் பாட்டி குளுவாங் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பால் வெட்டியவர். படவண்டி வந்த நாளைப் பற்றி அவர் சொல்லுவார். திடலில் வெள்ளைத் துணி கட்டுவார்களாம். வண்டிக்காரர் ஜெனரேட்டரை இறக்கி, நீளமான கம்பியை இழுத்து, அதைத் தொலைவில் மரங்களுக்குப் பின்னால் கொண்டுபோய் வைப்பாராம். பிள்ளைகள் படத்தை விட்டுவிட்டு அதைப் பார்க்க ஓடினால் அதட்டித் திருப்பி அனுப்புவாராம். "சத்தம் படத்தைக் கெடுக்கும்னுதான் தள்ளி வச்சாரு. அந்தப் புகையை நாங்க குடிக்காம இருந்ததும் அதாலதான்" என்று சொல்லிச் சிரிப்பார் பாட்டி. சத்தத்திற்காக வைத்த தூரம் உயிருக்கும் காவலாக இருந்தது. இது நம் முதல் பாடம்.

1957-இல் நாடு விடுதலை பெற்றது. 1954-இல் தோன்றிய தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் வளர்ந்தது. தொழிலாளர் குடியிருப்புகள் எப்படி இருக்கவேண்டும் என்பதற்கு 1966-இல் ஒரு சட்டம் வந்தது. அதற்குப் பதிலாக 1990-இல் வந்த தொழிலாளர் குடியிருப்பு, வசதிகள் குறைந்தபட்சத் தரச் சட்டம், குழாய்த் தண்ணீரோடு போதுமான மின்சாரமும் கிடைக்கச் செய்வது முதலாளியின் கடமை என்று எழுத்திலேயே வைத்தது. 2020 முதல் அச்சட்டம் திருத்திய பெயரோடு நடப்பில் உள்ளது. வெளிச்சம் துரை கொடுக்கும் கருணை என்ற நிலை மாறி, சட்டம் சொல்லும் உரிமை ஆயிற்று. ரவாங்கில் தம்புசாமிப் பிள்ளை ஏற்றிய விளக்கிலிருந்து இந்தச் சட்டத்திற்கு வந்து சேர 96 ஆண்டுகள் ஆயின.

இனி என் சிறு வயதிற்கு வருகிறேன். 1980-களில் எங்கள் தோட்டத்தில் இஞ்சின் லைட் மாலை ஆறரைக்கு வரும். இரவு பத்துக்கு நிற்கும். மறுபடி விடியற்காலை பெரட்டுக்கு முன்னால் ஒரு மணி நேரம் வரும். பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது விளக்கு ஒருமுறை கண் சிமிட்டும். அதுதான் எச்சரிக்கை. பரீட்சைக் காலத்தில் அந்தச் சிமிட்டலைப் பார்த்து அழுத பிள்ளைகள் உண்டு. மேட்டில் இருந்த பங்களாவில் மட்டும் வேறொரு சிறிய இஞ்சினால் விளக்கு எரிந்துகொண்டிருக்கும். இதை நான் ஏக்கத்தோடு சொல்லவில்லை. அந்த நாள் திரும்பி வரவேண்டும் என்று யாரும் விரும்பமாட்டார்கள்.

எங்கள் தோட்டத்து இஞ்சின்காரர் என் பெரியப்பா. படிப்பு மூன்றாம் வகுப்பு. ஆனால் இஞ்சினின் ஓசையைக் கேட்டே அதன் நோயைச் சொல்லிவிடுவார். ஒருநாள் நான் அவரிடம், "பெரியப்பா, எண்ணெயை ஊத்துனா எப்படிக் கரண்டு வருது?" என்று கேட்டேன். அவர் ஒரு காந்தத்தையும் கம்பிச் சுருளையும் காட்டி, "இதுக்குள்ள இது சுத்துது. எண்ணெய் சுத்தத்தான். கரண்டு இந்தச் சுத்துலதான் வருது" என்றார். ஆங்கிலேய விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே 1831-இல் கண்டுபிடித்த உண்மையும் இதுதான். கம்பிச் சுருளுக்கு அருகே காந்தம் அசைந்தால் கம்பியில் மின்சாரம் ஓடும். அணைக்கட்டில் தண்ணீர் சுழற்றுகிறது. இஞ்சினில் எண்ணெயின் வெடிப்பு சுழற்றுகிறது. எண்ணெய் எரிந்தால் புகை வரும். அந்தப் புகைதான் நம் கதையின் அடுத்த பகுதி.

பெரியப்பாவிடம் மூன்று சட்டங்கள் இருந்தன. முதலாவது, இஞ்சின் கொட்டகையை விட்டு வெளியே வரக்கூடாது. மனிதர் கொட்டகைக்குள் தங்கக்கூடாது. இரண்டாவது, அவரைத் தவிர வேறு யாரும் பெட்டியைத் திறக்கக்கூடாது. மூன்றாவது, ஓடும் இஞ்சினுக்கு எண்ணெய் ஊற்றக்கூடாது. நிறுத்தி, ஆறவிட்டு, பிறகுதான் ஊற்றவேண்டும்.

ஒரு மழைக்கால இரவில் அவருடைய முதல் சட்டத்தை ஒருவர் மீறினார். தோட்டத்து ஜாகா அவர். குளிர் தாங்காமல் இஞ்சின் கொட்டகைக்குள் போய், சாரல் அடிக்கிறதென்று கதவையும் பலகணியையும் சாத்திக்கொண்டு சாக்கு விரித்துப் படுத்துவிட்டார். பத்து மணிக்கு இஞ்சினை நிறுத்தப் போன பெரியப்பா கதவைத் தள்ளிப் பார்த்தால், ஜாகா எழ முடியாமல் கிடக்கிறார். பேச்சு குழறுகிறது. குடித்திருக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தாராம். வெளியே இழுத்துப்போட்டுக் காற்று பட்டபின்தான் வாந்தி எடுத்துக் கண் விழித்தார். அந்த மனிதர் கள்ளே குடிக்காதவர் என்பது பிறகு எல்லோருக்கும் நினைவுக்கு வந்தது.

அவர் குடித்தது கார்பன் மோனாக்சைடு என்ற வாயு. எண்ணெய் முழுமையாக எரியாதபோது அது பிறக்கிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை, கண்ணை எரிக்காது. நம் இரத்தத்திலுள்ள சிவப்புப் பொருள் பிராணவாயுவைச் சுமந்து உடம்பெங்கும் கொண்டு செல்கிறது. இந்த வாயுவோ பிராணவாயுவைவிட 200 மடங்குக்கும் மேலான வலிமையோடு அச்சிவப்புப் பொருளைப் பற்றிக்கொள்ளும். இடத்தைப் பிடித்துக்கொண்டு விடாது. முதலில் தலைவலி, பிறகு மயக்கம், குமட்டல், கால் தளர்ச்சி. தூங்குகிறவருக்கு இவை எதுவும் தெரியாது. தூக்கத்திலேயே உயிர் போய்விடும். சிமினி விளக்கின் நெருப்பு கையைச் சுட்டு எச்சரித்தது. இந்த வாயு எச்சரிப்பதே இல்லை.

நேயர்களே, இங்கே ஒரு செய்தியைக் கவனிக்கவேண்டும். பெரியப்பாவின் இஞ்சின் டீசலில் ஓடியது. டீசல் இஞ்சின் பெட்ரோல் இஞ்சினைவிடக் குறைவாகவே இவ்வாயுவை வெளிவிடும். சாத்திய கொட்டகைக்குள் பழுதான டீசல் இஞ்சினே ஓர் ஆளைச் சாய்த்தது. இன்று நாம் கடையில் வாங்கிக் கையில் தூக்கி வருகிற சிறிய ஜெனரேட்டர்களில் பெரும்பாலானவை பெட்ரோலில் ஓடுபவை. உருவம் சிறிது, நஞ்சு பெரிது.

அந்தச் சிறிய ஜெனரேட்டர் நம் வாழ்க்கைக்குள் எப்போது வந்தது? 1990-களில் பெருவாரியான தோட்டங்களுக்கு வாரியத்துக் கம்பி வந்து, இஞ்சின் கொட்டகைகள் பூட்டப்பட்டன. சில கொட்டகைகளில் இன்று ஆடு கட்டியிருக்கிறார்கள். இருபத்துநாலு மணி நேரமும் மின்சாரம் இருக்கும் என்று பழகிவிட்டோம். ஆனால் 1996 ஆகஸ்ட் 3-ஆம் தேதி தீபகற்பம் முழுவதுமே இருண்டது. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் ஜொகூரைப் பெருவெள்ளம் அடுத்தடுத்து இருமுறை தாக்கியது. கோத்தா திங்கி, சிகாமட் வட்டாரத்தவர் அதை மறக்கமாட்டார்கள். 2011 ஜனவரியில் சிகாமட்டும், 2023 மார்ச்சில் பத்து பகாட்டும் மறுபடி நீரில் மூழ்கின. வெள்ளத்தில் மின்சாரத்தைத் துண்டித்துத்தான் ஆகவேண்டும். அப்போதெல்லாம் ஜெனரேட்டர் பலருக்குத் துணையாக வந்தது. இரவுச் சந்தையில் கடை போடுகிறவர்கள், வண்டியில் உணவு விற்கிறவர்கள், திருவிழாவில் ரதத்திற்கு விளக்கு போடுகிறவர்கள் கையிலும் அது இருக்கிறது. வண்டியையே வீடுபோல் அமைத்துக் குடும்பத்தோடு ஊர் சுற்றுகிறவர்களும் அதை வைத்திருக்கிறார்கள். பாட்டி பார்த்த படவண்டி இப்படிப் பல உருவங்களில் திரும்பி வந்திருக்கிறது.

திரும்பி வந்தபோது மூன்று பொருள்கள் அதோடு வரவில்லை. பெரியப்பாவின் இஞ்சினுக்கு ஒரு கொட்டகை இருந்தது, ஓர் ஆள் இருந்தார், ஒரு நேரம் இருந்தது. எண்ணெயை மிச்சப்படுத்தத்தான் தோட்ட நிர்வாகம் அவற்றை வைத்தது. ஆயினும் அவை நம்மையும் காத்தன. இன்று ஜெனரேட்டர் வாங்குகிறவர் அந்த மூன்றையும் தாமே உண்டாக்கிக்கொள்ளவேண்டும்.

முதலாவது கொட்டகை, அதாவது தூரம். ஜெனரேட்டரை வீட்டுக்குள், அடுப்படியில், ஐந்தடித் தாழ்வாரத்தில், கார் நிறுத்துமிடத்தில், சன்னலுக்குக் கீழே வைக்கவே கூடாது. கதவு சன்னலிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி, புகைபோக்கி வீட்டிற்கு எதிர்ப்புறம் பார்க்க வைக்கவேண்டும். கதவைத் திறந்து வைத்தால் போதும், விசிறி போட்டால் போதும் என்பது தவறு. மழை பெய்தால் நான்கு பக்கமும் திறந்த கூரையின் கீழ் வைக்கலாம். மழையென்று உள்ளே கொண்டுவரக்கூடாது. வண்டியில் தூங்குகிறவர்கள் ஜெனரேட்டரையோ வண்டியின் இஞ்சினையோ ஓடவிட்டுத் தூங்கக்கூடாது. பக்கத்து வண்டியின் ஜெனரேட்டர் புகையும் நம் வண்டிக்குள் வரும். அமெரிக்காவில் 2020 ஆகஸ்ட் மாதம் லாரா என்ற புயல் லூசியானா மாநிலத்தைத் தாக்கியது. புயற்காற்றுக்குத் தப்பிய பலர், காற்று ஓய்ந்தபின், வீட்டோடு ஒட்டி வைத்த ஜெனரேட்டரின் புகையால் இறந்தார்கள். இயந்திரப் பழக்கம் மிகுந்த நாட்டிலேயே இப்படி நடந்தது.

வீட்டில் ஒரே நேரத்தில் பலருக்குத் தலைவலியும் குமட்டலும் வந்து, வெளியே போனால் தணிகிறதென்றால், சாப்பாட்டின் மேல் பழி போடாதீர்கள். உடனே எல்லோரையும் திறந்த வெளிக்குக் கொண்டு வந்து, 999-க்கு அழையுங்கள்.

இரண்டாவது ஆள். பெரியப்பா இருந்தவரை எந்த வீட்டிற்கு எவ்வளவு தாங்கும் என்று ஒருவர் கணக்குப் பார்த்தார். இன்று அந்தக் கணக்கை நாமே போடவேண்டும். 2,000 வாட் ஜெனரேட்டர் என்றால், சில விளக்குகள், இரண்டு விசிறிகள், ஒரு குளிர்சாதனப் பெட்டி ஆகியவற்றைத் தாங்கும். குளிர்சாதனப் பெட்டி ஓடும்போது 150 வாட் அளவே எடுத்தாலும், கிளம்பும் நொடியில் அதைப்போல் பல மடங்கு இழுக்கும். அதனால் அதை முதலில் போட்டு, ஓடவிட்டு, பிறகு மற்றவற்றைப் போடவேண்டும். தண்ணீர் கொதிக்க வைக்கும் மின்கெண்டி ஒன்றே 2,000 வாட் கேட்கும். அதற்கு ஜெனரேட்டரைக் கேட்காதீர்கள், அடுப்பைக் கேளுங்கள். நீட்டிப்புக் கம்பியைச் சுருட்டியபடியே பயன்படுத்தினால் சூடேறி உருகும். முழுவதும் பிரித்து நீட்டி, தண்ணீர் தேங்காத இடத்தில் போடுங்கள்.

இதைவிடப் பெரிய தவறு ஒன்றைச் சிலர் செய்கிறார்கள். இரு புறமும் ஆண் முனை வைத்த கம்பி ஒன்றைச் செய்து, ஜெனரேட்டரின் மின்சாரத்தைச் சுவர்த் துளைக்குள் செருகி வீடு முழுவதையும் எரிய வைக்கிறார்கள். அந்தக் கம்பியின் மறுமுனையைத் தொட்டவர் அங்கேயே சாவார். அது மட்டுமன்று. மின்சாரம் வீட்டைத் தாண்டித் தெருக்கம்பிக்குப் போய், மின்மாற்றியைப் பின்புறமாகக் கடக்கும். 11,000 வோல்ட்டை நம் வீட்டு அளவுக்கு இறக்கித் தருகிற அதே மின்மாற்றி, பின்புறமாகப் போகிற நம் மின்சாரத்தை 11,000 வோல்ட்டாக ஏற்றிவிடும். வெள்ளத்தில் நமக்காகக் கம்பி பழுது பார்க்கக் கம்பத்தில் ஏறியிருப்பவர், கம்பி செத்துக் கிடக்கிறதென்று நம்பி அதில் கை வைப்பார். வீட்டுக் கம்பியோடு ஜெனரேட்டரை இணைப்பதானால், இரண்டும் ஒருசேர ஓடாதபடி தடுக்கும் மாற்றுச் சுவிட்சு வேண்டும். அதைப் பதிவு பெற்ற மின்பணியாளரே பொருத்தவேண்டும். இல்லையேல் சாதனங்களை ஜெனரேட்டரிலேயே நேராகச் செருகிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது நேரம். இரவெல்லாம் ஓடவிடாதீர்கள். தூங்குமுன் நிறுத்துங்கள். எண்ணெய் ஊற்றுமுன் நிறுத்தி ஆறவிடுங்கள். சூடான இஞ்சின்மேல் ஒரு சொட்டுப் பெட்ரோல் சிந்தினாலும் நெருப்புப் பிடிக்கும். பெட்ரோல் பீப்பாயை வீட்டுக்குள்ளும் அடுப்பருகிலும் வைக்காதீர்கள்.

வாரியத்து மின்சாரத்திலும் ஒரு பழைய கணக்கு பாக்கியிருக்கிறது. லயத்தில் சில வீடுகளுக்கு ஒரு விளக்கு, ஒரு விசிறி என்று கணக்கிட்டுப் போட்ட கம்பியிலேயே இன்று சலவை இயந்திரமும் இஸ்திரிப் பெட்டியும் ஓடுகின்றன. பியூஸ் அடிக்கடி போகிறதென்று தடித்த செப்புக் கம்பியைச் சுற்றிவிடுகிறோம். பியூஸ் போவது நம்மைக் காப்பதற்காக. அது போகாவிட்டால் சுவருக்குள் இருக்கும் கம்பிதான் சிவக்கும். பலகைச் சுவர் அதன்பின் நிற்காது.

நம் வீட்டு மின்சாரம் 240 வோல்ட்டாக இருந்து, 2008 முதல் 230 வோல்ட் என்று அறிவிக்கப்பட்டிருக்கிறது. ஈரக்கையின் தடை சுமார் 1,000 ஓம் என்று வைத்துக்கொண்டால், உடம்பில் பாயக்கூடியது 230 மில்லி ஆம்பியர். இதயத்தின் துடிப்பைக் குலைக்க அதில் பாதிகூட வேண்டாம். ஆகவேதான் மின்கசிவை உணர்ந்து நொடியில் துண்டிக்கும் கருவி வேண்டும் என்று 1994-ஆம் ஆண்டு மின்சார விதிமுறைகள் சொல்கின்றன. கையில் பிடித்துப் பயன்படுத்தும் சாதனங்களுக்கு 30 மில்லி ஆம்பியரிலும், ஈரத்தரை உள்ள இடங்களுக்கு 10 மில்லி ஆம்பியரிலும் அது துண்டிக்கவேண்டும். பெட்டியில் 'டி' என்று எழுதிய சிறு பொத்தான் இருக்கும். மாதம் ஒருமுறை அதை அழுத்துங்கள். உடனே விளக்கு அணைந்தால் கருவி உயிரோடு இருக்கிறது. அணையவில்லை என்றால் நிர்வாகத்திடம் எழுத்து மூலம் சொல்லுங்கள். போதுமான மின்சாரமும் பழுதில்லாத வீடும் சட்டம் உங்களுக்குக் கொடுத்தவை. கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

திருவிழாக் குழுவினருக்கும் ஒரு சொல். தமிழ்நாட்டில் தஞ்சாவூருக்கு அருகே களிமேடு என்ற ஊரில், 2022 ஏப்ரல் 27-ஆம் தேதி அதிகாலை, அப்பர் திருவிழாவில் இழுத்து வந்த தேர் மேலே சென்ற உயர் அழுத்த மின்கம்பியில் பட்டது. சிறுவர்கள் உட்பட 11 பேர் இறந்தார்கள். அவர்கள் சாமியைச் சுமந்து சென்ற எளிய மக்கள், நம்மைப் போன்றவர்கள். ரதம் புறப்படுமுன் அதன் உயரத்தை அளந்து, போகும் வழி முழுவதும் பகலிலேயே நடந்து, கம்பி எங்கெங்கே குறுக்கிடுகிறது என்று பார்த்து வையுங்கள். மின்வாரியத்திற்கு முன்கூட்டியே தெரிவித்தால் அவர்கள் வழி சொல்வார்கள். கம்பியை மூங்கிலால் தூக்கிப் பிடிக்கும் வேலையை யாருக்கும் கொடுக்காதீர்கள்.

யாருக்காவது மின்சாரம் தாக்கிவிட்டால் பாசத்தால் ஓடிப்போய்ப் பிடிக்காதீர்கள், பிடித்தவரும் ஒட்டிக்கொள்வார். முதலில் சுவிட்சை அணையுங்கள். முடியாவிட்டால் காய்ந்த மரக்கட்டையால் கம்பியைத் தள்ளிவிடுங்கள். இது வீட்டுக் கம்பிக்கு மட்டுமே பொருந்தும். தெருவில் அறுந்து விழுந்த கம்பி என்றால் கிட்டப் போகவே வேண்டாம். எல்லோரையும் விலக்கிவிட்டு மின்வாரியத்தின் 15454 எண்ணுக்குச் சொல்லுங்கள். ஆள் விடுபட்டபின் மூச்சு இல்லையென்றால் 999-க்கு அழைத்துவிட்டு, மார்பின் நடுவில் விடாமல் அழுத்திக்கொண்டிருங்கள்.

சென்ற பருவமழையின்போது என் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, "டீச்சர், எங்க வீட்டு இஞ்சினைச் சமையல் கட்டுலதான் வச்சிருக்கோம், மழையில நனையும்னு" என்றாள். அன்று மாலை பாடம் முடிந்ததும் அவளோடு நடந்து வீட்டுக்குப் போனேன். அவளுடைய தந்தையிடம் ஜாகாவின் கதையைச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. இரண்டு நாள் கழித்து அந்த வழியே போனபோது, வீட்டிலிருந்து நல்ல தொலைவில், நான்கு மரக்கால் நட்டு, மேலே நான்கு தகரம் போட்டு ஒரு சிறு கொட்டகை நின்றது. பெரியப்பா இருந்தால் அதைச் சுற்றி வந்து பார்த்து, "சரிதான்" என்று சொல்லியிருப்பார்.

வெளிச்சத்திற்காக நம் முன்னோர் நெடுங்காலம் காத்திருந்தார்கள். பத்து மணிக்கு அணையாத விளக்கு இன்று நம் வீட்டில் எரிகிறது. அதன் கீழே பிள்ளைகள் படிக்கவேண்டும். பெரியவர்கள் மறுநாள் காலை நலமாகக் கண் விழிக்கவேண்டும்.